வலியின் வரலாறு – 14: நரம்பை விசாரித்த ஊசி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உழைப்பு உடம்பில் தன் முகவரியை எழுதிவைத்திருக்கிறது. லீ பஜார் மண்டிகளில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக் குடோனில் அடுக்குகிறவருக்கு இடுப்பு போகும். முப்பது கிலோ வெல்லச் சிப்பத்தைத் தோள் மாற்றிச் சுமப்பவருக்குத் தோள்பட்டை போகும். சற்றுத் தள்ளி வெள்ளிப் பட்டறையில், தரையில் சம்மணமிட்டு, தலையைக் குனிந்தபடி கொலுசுக்குக் கண்ணி கோத்துப் பற்றவைப்பவருக்குக் கழுத்தும் மணிக்கட்டும் போகும். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள்.

காட்டுவது மட்டுமில்லை, சொல்லவும் தெரியும். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், விண்விண் என்று தெறிப்பு என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்வார்கள். "குறுக்குல சுருக்குனு புடிச்சு, பின்தொடை வழியா கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குதுங்க" என்று ஒரு லோடுமேன் சொன்னால், சயாட்டிகாவைப் பற்றி மருத்துவ நூல் எழுதியிருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இராது. ஆனால் வலி எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்தவருக்கு, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்ல முடியாது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்விலிருந்தா? எலும்புகள் பின்பக்கம் ஒன்றோடொன்று பொருந்தும் சிறு மூட்டுகளிலிருந்தா? இடுப்பெலும்பு முதுகுத்தண்டோடு சேரும் இடத்திலிருந்தா? அல்லது தசையா? நான்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வலிக்கும்.

ஸ்கேன் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஓர் இடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வும் சரியாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர்தான். ஆகவே படத்தில் ஜவ்வு விலகியிருப்பது தெரிந்தால், விலகியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். வலிப்பது அதுதானா என்பதைப் படம் சொல்லாது. அந்தக் கேள்விக்கு ஊசி முனையில் விடை தேடியவர்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

சென்ற அத்தியாயத்தில், 1884இல் வியன்னாவின் கார்ல் கோலர் கோக்கைன் கரைசலால் கண்ணை மரக்கவைத்ததையும், அதே மருந்தை நரம்பருகே செலுத்திப் பார்த்த நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் தாமே அதற்கு அடிமையானதையும் பார்த்தோம். அதற்கும் முன்னால் ஒரு கிளைக்கதை உண்டு, அதைச் சொல்லாமல் இங்கே நகர முடியாது.

1844 ஜூன் 3 அன்று டப்ளின் மீத் மருத்துவமனையில் பிரான்சிஸ் ரிண்ட் என்ற மருத்துவர், பல ஆண்டுகளாக முகத்தில் நரம்பு வலியால் துடித்த ஒரு பெண்ணுக்குத் தோலைக் கீறி, உள்துளையுள்ள ஒரு கருவியின் வழியாக மார்பின் கரைசலை நரம்புக்கு அருகே வடியவிட்டார். தள்ளும் தண்டு அதில் இல்லை. மருந்து தன் எடையிலேயே இறங்கியது. வலி அடங்கியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட், இப்போது நாம் பார்க்கும் வகைக்கு நெருங்கிய பீச்சுகுழலால் அதையே செய்தார். வலிக்கிற இடத்தில் மருந்தை வைத்தால் அந்த இடம் அடங்குகிறது என்பதே இருவரின் நம்பிக்கை. 1858இல் லண்டனின் சார்லஸ் ஹன்டர் அதைக் கலைத்துப்போட்டார். மார்பினை உடம்பில் வேறு எங்கே குத்தினாலும் வலி குறைகிறது என்று காட்டினார். மருந்து ரத்தத்தில் கலந்து மூளையில் வேலை செய்திருக்கிறது. ஊசி போட்ட இடத்துக்கும் வலி போனதற்கும் தொடர்பே இல்லை.

இந்தச் சிறு சறுக்கலை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஊசி போட்டோம், வலி போயிற்று, ஆகவே வலி அங்கேதான் இருந்தது என்று முடிவுகட்டும் அவசரம் அன்றிலிருந்து இன்றுவரை மருத்துவத்தைத் துரத்திவருகிறது. அதன் அடுத்தடுத்த முகங்களை இந்த அத்தியாயத்திலேயே பார்ப்போம்.

மார்பின் போலன்றி, கோக்கைன் வகை மருந்துகள் நரம்பிலேயே நேரடியாக வேலை செய்பவை. நரம்பின் சுவரில் சோடியம் உப்பின் அயனிகள் நுழையும் வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் செய்தி அடுத்த இடத்துக்குத் தாவும். மரப்பு மருந்து அந்த வாசல்களை அடைத்துவிடுகிறது. அடைப்பு நீங்கியதும் நரம்பு பழையபடி வேலை செய்யும். கோக்கைனின் நஞ்சும் போதையும் இல்லாத ஒன்றைத் தேடி, ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகெய்னை 1905இல் ஹைன்ரிக் பிரவுன் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். நோவோகெய்ன் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பாதுகாப்பான மருந்து கையில் வந்த பிறகுதான் மருத்துவர்களுக்கு அந்தப் புதிய எண்ணம் தோன்ற இடம் கிடைத்தது.

அந்த எண்ணம் தோன்றியவர் ஆர்தர் லேவென். ஜெர்மனியின் மார்புர்க் நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியர். அவர் முன்னால் இருந்த சிக்கல் வயிற்று வலி. வலப்பக்க மேல்வயிற்றில் ஒருவர் கையை வைத்து அலறுகிறார். பித்தப்பைக் கல்லா, இரைப்பைப் புண்ணா, சிறுநீரகமா, குடல்வாலா? அல்ட்ராசவுண்டு இல்லாத காலம். வயிற்றைத் திறந்து பார்ப்பதுதான் வழி. தவறாகத் திறந்தால் நோயாளிக்கு நோயும் போகாது, அறுவைத் துன்பமும் சேரும்.

உள்ளுறுப்புகளின் வலிச் செய்தி முதுகுத்தண்டுக்குள் குறிப்பிட்ட மட்டங்களில்தான் நுழைகிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. லேவென், முதுகெலும்பின் பக்கத்தில் நரம்பு வெளியே வரும் இடத்தில், ஒரே ஒரு மட்டத்தில் மட்டும் கொஞ்சம் நோவோகெய்னைச் செலுத்தினார். தெருவில் எந்த வீட்டு வயர் கோளாறு என்று தெரியாதபோது லைன்மேன் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பதைப் போல. வலப்பக்கம் மார்புப் பகுதியின் பத்தாவது நரம்பை அடக்கியதும் வலி போய்விட்டால், குற்றவாளி பித்தப்பை என்று கணித்தார். 1922இல் மியூனிக் மருத்துவ வார இதழில் இதை எழுதினார்.

அதுவரை மரப்பு ஊசி என்பது அறுவைக்கு முன் போடுவது, வலியைத் தடுப்பது. லேவென் அதை வலியின் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாக ஆக்கினார். மேலும், விடை சொல்லும் பொறுப்பை நோயாளியிடமே கொடுத்தார். ஊசி போட்டபின் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அந்தப் பதிலை வைத்து அறுவைக்கத்தியை எடுப்பதா வேண்டாமா என்று ஒரு பேராசிரியர் முடிவெடுத்தார். நோயாளியின் சொல்லை முறையான சான்றாக எடுத்துக்கொண்ட மருத்துவச் சோதனைகள் அன்று அதிகமில்லை. இன்றும் மண்டியில் "வலிக்குதுன்னு சும்மா சொல்றான்" என்று மேஸ்திரி சொல்லக் கேட்கிறவர்களுக்கு, இதன் அருமை புரியும்.

பிறகு இந்த வழக்கம் வயிற்றிலிருந்து முதுகுக்கு வந்தது. 1938இல் அமெரிக்காவில் ஆர்தர் ஸ்டைண்ட்லரும் அவரோடு பணியாற்றிய லக்கும் இடுப்பு வலிக்காரர்களுக்குப் புரோகெய்ன் ஊசி போட்டு, வலி கிளம்பும் இடத்தைப் பிரித்தறிய முயன்றார்கள். நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் எமரி ரோவன்ஸ்டைன் இதற்கென்றே ஒரு புறநோயாளி மையம் தொடங்கியிருந்தார். ஆனால் இதை ஒரு துறையாக ஆக்கியவர் வேறொருவர். அவருடைய உடம்பே ஒரு வலி நூலகம்.

ஜான் பொனிக்கா 1917இல் இத்தாலியின் ஃபிலிக்கூடி என்ற சிறு தீவில் பிறந்தார். குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர், செருப்புக்குப் பாலிஷ் போட்டும் செய்தித்தாள் விற்றும் வீட்டைத் தாங்கினார். மருத்துவப் படிப்புக்குப் பணம் வேண்டும் என்று தொழில்முறை மல்யுத்தம் செய்தார். மருத்துவர் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக முகமூடி அணிந்து மேடையேறினார். காதுகள் வீங்கி உருமாறின, விலா எலும்புகள் உடைந்தன, இடுப்பு மூட்டுகள் தேய்ந்தன. வாழ்நாள் முழுக்க அவர் வலியோடு இருந்தார்.

1944இல், 27 வயதில், வாஷிங்டன் மாநிலத்தின் மேடிகன் ராணுவ மருத்துவமனையில் மயக்கவியல் துறைக்குத் தலைவரானார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்றவர்கள் பெருந்திரளாக வந்துகொண்டிருந்த நேரம். துண்டான காலில் இன்னமும் வலி இருப்பதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். குண்டு நரம்பை உரசிச் சென்றதால், காற்று பட்டால்கூடக் கை தீயில் வெந்ததுபோல் எரிகிறது என்றவர்களும் இருந்தார்கள். பொனிக்கா அவர்களுக்கு நரம்பு ஊசிகள் போட்டார். சிலருக்கு அற்புதமாக வேலை செய்தது. சிலருக்குச் சற்றும் அசையவில்லை. அசையாத நோயாளிகளைக் குறித்து நரம்பியல் மருத்துவர், எலும்பு மருத்துவர், மனநல மருத்துவர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பிறகு எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார். இன்று பெரிய மருத்துவமனைகளில் இயங்கும் வலி சிகிச்சை மையங்களின் கரு அந்த மேசைதான்.

1953இல் அவர் எழுதிய 'வலி மேலாண்மை' ஏறத்தாழ 1,500 பக்கம். எந்த நரம்புக்கு எந்தக் கோணத்தில் ஊசி என்பதற்கு அதில் ஏராளமான பக்கங்கள் உண்டு. 1973இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் உருவாகவும் அவரே முன்நின்றார். ஊசியால் பெயரெடுத்தவர், ஊசியால் மட்டும் வலியைத் தீர்க்க முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார் என்பதை அவருடைய பெருமைகளில் முதலாவதாக வைப்பேன்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஊசி போட்டால் சில மணி நேரம் வலி அடங்குகிறது. அப்படியானால் அந்த நரம்பையே கொன்றுவிட்டால் என்ன? 1903இல் ஜெர்மனியின் கார்ல் ஷ்லோஸர் அதைத்தான் செய்தார். முக நரம்பு வலிக்கு நரம்பிலேயே ஆல்கஹாலைச் செலுத்தி அதை அழித்தார். துடிக்கும் வலிக்கு அது பெரும் விடுதலை. இன்றும் புற்றுநோய் முற்றி வயிற்று வலியில் கிடப்பவர்களுக்கு, வயிற்றின் பின்புறமுள்ள நரம்புக் கொத்தில் ஆல்கஹால் செலுத்துவது உண்டு. ஆனால் வாழ வேண்டிய நாட்கள் பல இருக்கும் மனிதருக்கு நரம்பை நிரந்தரமாக மௌனமாக்கினால் என்ன ஆகும்? இதற்கான மிகத் தெளிவான பதில், செவ்வாய்ப்பேட்டைக்கு வெகுதூரத்தில் இல்லாத ஒரு மலையில் வளர்ந்த மனிதரிடமிருந்து வந்தது.

பால் பிராண்டின் சிறுவயது கொல்லிமலையில் கழிந்தது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது அந்த மலை. தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாய் ஈவ்லினும் மிஷனரிகள். மலைவாசிகளுக்குப் பல் பிடுங்குவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அவர்கள்தாம். ஒருநாள் தொழுநோயாளிகள் மூவர் வந்ததையும், தந்தை கையுறை மாட்டிக்கொண்டு அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டியதையும், பிள்ளைகளை நெருங்கவிடாததையும் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒன்பது வயதில் அவரைப் படிக்க இங்கிலாந்து அனுப்பினார்கள். 1929இல் தந்தை கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பிவந்தார்.

செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்துக்குத் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப்போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஓர் இளைஞரிடம், தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடி வலுவாக இருந்தது. எவ்வளவு வலுவாக என்றால் பிராண்டுக்கு வலித்தது. அந்த இளைஞருக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. தசை செத்துப்போகவில்லை, உணர்வுதான் போயிருக்கிறது என்று பிராண்டுக்குப் புரிந்தது. இன்னொரு முறை, துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பாமல் அவர் திணறியபோது ஒரு சிறுவன் வந்து சட்டெனத் திருகித் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே அதுவரை உலகம் நம்பியிருந்தது. வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் தங்கியிருந்த நோயாளிகளின் ஒவ்வொரு புண்ணுக்கும் பிராண்ட் காரணம் தேடினார். சுடுபாத்திரம், ஆணி, தேய்க்கும் செருப்பு என்று காரணங்கள் கிடைத்தன. இரவில் விரல் காணாமல் போவதன் காரணம் மட்டும் தெரியாமல் இருந்தது. கண்விழித்துக் காவல் இருந்தபோதுதான் எலி கடித்துத் தின்பது தெரிந்தது. தூங்குகிறவருக்கு வலிக்கவில்லை, ஆகவே விழிக்கவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது. உடம்பைச் சிதைப்பது வலியின்மை. பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில், உணர்விழந்த கைகளுக்காகச் செயற்கை வலிக் கருவி ஒன்றைச் செய்யப் பல ஆண்டுகள் முயன்றார். தோற்றுப்போனது. அபாய ஒலி கேட்டதும், கையிலுள்ள வேலையை முடிக்க வேண்டும் என்று நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டார்கள்.

மூட்டை தூக்குகிறவர் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த லாரிக்கு ஓடுவதும் அதுதான். கூலி மூட்டைக்கு இவ்வளவு என்று இருக்கும்வரை அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நரம்பை அழிக்கும் ஊசிக்கு மருத்துவர்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்பதற்குக் கொல்லிமலையில் வளர்ந்தவர் கண்ட உண்மையே காரணம் சொல்லும்.

இனி மீண்டும் அந்தப் பழைய அவசரத்துக்கு வருவோம். ஊசி போட்டதும் வலி போனது என்பது எந்த அளவுக்கு நம்பத்தக்கது? ஆஸ்திரேலியாவின் நியூகாஸிலில் நிக்கோலாய் போக்டக்கும் அவர் குழுவினரும் இதை விடாமல் துருவினார்கள். அவர்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கார் விபத்தில் கழுத்து உதறி, பல மாதமாக வலி என்பவர்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இழப்பீட்டுக்கு நடிக்கிறார்கள் என்ற சந்தேகம் அவர்கள் மேல். கழுத்தெலும்பின் சிறு மூட்டுகளுக்கு உணர்வு கொடுக்கும் மெல்லிய நரம்புக் கிளைகளை, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, ஒன்றொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. ஒரு நாள் விரைவில் தேயும் லிக்னோகெய்ன். இன்னொரு நாள் வெகுநேரம் நிற்கும் புபிவகெய்ன். எந்த நாள் எது என்று நோயாளிக்குத் தெரியாது. உண்மையில் அந்த மூட்டுதான் காரணம் என்றால், இரு முறையும் வலி போக வேண்டும், இரண்டாம் மருந்துக்கு அதிக நேரம் போயிருக்க வேண்டும்.

1993இல் வெளியான முடிவு மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தது. ஒரே ஊசியை மட்டும் நம்பினால், 27 விழுக்காடு தவறான ஆம் கிடைக்கிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே மூளைக்குள் வலியைக் குறைக்கவல்லது, அது உடம்பின் இயல்பு. ஆனால் இரண்டு தேர்விலும் தேறியவர்களின் வலி, படத்தில் தெரியாவிட்டாலும், அந்த மூட்டிலிருந்தே வருகிறது என்று நம்ப வலுவான காரணம் கிடைத்தது. 1996இல் அதே குழுவினர் அப்படித் தேறிய 24 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அந்த நரம்புக் கிளையை வானொலி அலை வெப்பத்தால் சுட்டார்கள். மற்றவர்களுக்குச் சுடுவதுபோல் பாவனை மட்டும். பாதி வலி திரும்புவதற்கு, சுடப்பட்டவர்களில் நடு மதிப்பு 263 நாள். பாவனைப் பிரிவில் 8 நாள். மூட்டுக்கு மட்டும் உணர்வு தரும் கிளை என்பதால் கைகால் உணர்வு போகாது, நரம்பும் பிறகு மெல்ல வளர்ந்துவிடும். ஷ்லோஸரின் ஆல்கஹாலுக்கும் இதற்கும் இடையே தொண்ணூறு ஆண்டுப் பொறுமை இருக்கிறது.

இன்று இத்தகைய ஊசிகள் பெரிய மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவர்களின் கையில் இருக்கின்றன. சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையிலோ அல்ட்ராசவுண்டிலோ ஊசி முனையைப் பார்த்தபடி செலுத்துகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர் இதற்குப் போகிறார் என்றால் சில விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்டறிவதற்கான ஊசியில் மருந்து மிகச் சிறிதளவுதான், ஒரு சிறு மூட்டின் நரம்புக்கு அரை மில்லி லிட்டருக்கும் குறைவு. அதிகம் போட்டால் பக்கத்து நரம்புக்கும் பரவி விடை குழம்பும். அன்று காலை வலி மாத்திரை போடாமல், வலியோடேயே போக வேண்டும். மயக்கிவிடச் சொல்லிக் கேட்கக் கூடாது. ஊசிக்குப் பின் வீட்டில் படுத்துக்கொண்டால் எதுவும் தெரியாது. மருத்துவர் அனுமதித்த அளவில் எது செய்தால் வலிக்குமோ அதைச் செய்து பார்க்க வேண்டும். குனிந்து நிமிர்வது, படியேறுவது, பட்டறையில் உட்காருவதுபோல் அரை மணி உட்காருவது. மணிக்கு மணி, வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். அந்தத் தாள் ஸ்கேன் படத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம், ஆகவே டூவீலர் ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீக்கம் குறைக்க ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டால் சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். கிருமித்தொற்று, மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் வலிப்பு வருவது போன்ற ஆபத்துகள் அரிது, ஆனால் உண்டு. முதுகு வலியோடு கால் வலுவிழப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது ஆகியவை வந்தால் இந்த ஊசிக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு முறை ஊசி போட்டும் வலி அசையவே இல்லை என்றால்? அந்த மூட்டு குற்றமற்றது என்று தெரிந்துவிட்டது, அடுத்த இடத்தைத் தேடலாம், தேவையற்ற ஓர் அறுவையும் தப்பியது. ஆனால் எல்லா இடத்திலும் தேடியபின்னும், நரம்பை அடக்கியபின்னும், வலி மட்டும் அப்படியே நிற்கும் சிலர் இருக்கிறார்கள். பொனிக்காவின் மேடிகன் மருத்துவமனையில் அவரைத் திணறவைத்தவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்காக 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த முதுகுத்தண்டுக் கதவுக் கோட்பாட்டை அடுத்த இதழில் பார்ப்போம்.